அறியாமலே இருந்திருக்கக்கூடிய புற்றுநோய்

தென் கொரிய அரசு 1999-ஆம் ஆண்டு தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதில் தைராய்டு சேர்க்கப்படவில்லை. ஆனால் மற்றப் பரிசோதனைகளுக்காக வந்தவர்கள், 30 முதல் 50 டாலர் மதிப்புள்ள சிறு தொகையைக் கூடுதலாகக் கட்டினால் கழுத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளலாம் என்ற வசதியை மருத்துவமனைகள் அளித்தன, ஏராளமானோர் கட்டினார்கள். 2011-இல் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. மக்கள்தொகையில் இந்நோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப் போல ஏறத்தாழ 15 மடங்கு. அதே காலத்தில் அந்த நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையோ, ஆண்டுக்கு 300 முதல் 400 பேர் என்ற அளவிலேயே நின்றது.

நோய் உண்மையிலேயே பெருகியிருந்தால் இறப்பும் கூடியிருக்க வேண்டும். முன்கூட்டியே கண்டுபிடித்ததால் உயிர்கள் தப்பியிருந்தால் இறப்பு குறைந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அப்படியானால், கண்டுபிடிக்கப்பட்ட கட்டிகளில் பெரும்பாலானவை முன்பும் மனிதர்களின் கழுத்தில் இருந்தவை, எவரையும் கொல்லாமல் இருந்தவை என்பதே பொருத்தமான விளக்கம். மருத்துவர்கள் இதை 'மிகை நோயறிதல்' என்கிறார்கள். இது தவறான நோயறிதல் அன்று. நுண்ணோக்கியின் கீழ் அவை புற்றுநோய்ச் செல்கள்தாம். ஆனால் அந்த மனிதரின் வாழ்நாளுக்குள் அவை தொல்லை தரப்போவதில்லை.

குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் தைராய்டு சுரப்பி இருக்கிறது. கழுத்தில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியை அதன்மேல் நகர்த்தும்போது, செவிக்கு எட்டாத ஒலி அலைகள் திசுக்களில் பட்டுத் திரும்பி, விரலுக்குத் தட்டுப்படாத சில மில்லிமீட்டர் கட்டியையும் திரையில் காட்டிவிடுகின்றன. அத்தகைய கட்டிகள் எவ்வளவு பரவலானவை என்பது 1985-இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றிலேயே தெரிந்தது. பிரேதப் பரிசோதனைக்கு வந்த 101 பேரின் தைராய்டுகளை மெல்லிய வில்லைகளாக நறுக்கிப் பார்த்தபோது, 36 பேரிடம், தைராய்டு புற்றுநோய்களில் மிகப் பரவலான 'பாப்பிலரி' வகை இருந்தது. மூவரில் ஒருவர் தம்மிடம் அது இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடித்திருக்கிறார்.

இதில் மக்களை மட்டுமல்ல, படித்தவர்களையும் ஏமாற்றும் எண் ஒன்று உண்டு: ஐந்தாண்டு உயிர்பிழைப்பு விகிதம். ஓர் ஊரில் 100 பேருக்கு நோய் கண்டறியப்பட்டு, அவர்களில் 20 பேர் ஐந்தாண்டுக்குள் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 80 சதவீதம். ஸ்கேன் வந்த பிறகு, தீங்கு செய்யாத கட்டி உள்ள 900 பேர் அந்தக் கணக்கில் சேர்கிறார்கள். இப்போதும் இறப்பவர்கள் அதே 20 பேர்தான். விகிதமோ 98 சதவீதமாகிவிடுகிறது. ஓர் உயிர்கூடக் கூடுதலாகக் காப்பாற்றப்படவில்லை. ஆனால் விளம்பரத் தாளில் அது பெரும் வெற்றியாகத் தெரியும். சிகிச்சை பெற்ற 900 பேரும், தங்களை ஸ்கேன்தான் காப்பாற்றியது என்று மனதார நம்பி, உறவினர்களையும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களது இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நம்புவோம்.

அந்த நம்பிக்கைக்கான விலை சிறியதன்று. கொரியாவில் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய அனைவருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் வெறும் வயிற்றில் ஹார்மோன் மாத்திரை விழுங்க வேண்டும். தைராய்டின் பின்புறம் பருப்பளவில் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அறுவையில் சேதமானால் ரத்தத்தில் கால்சியம் குறைந்து, உதடும் விரல்நுனியும் மரத்துப்போகும், தசைகள் இழுத்துப்பிடிக்கும். கொரியாவில் அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 11 சதவீதத்தினருக்கு இச்சுரப்பிகளின் செயல் குன்றியது. சுமார் 2 சதவீதத்தினருக்குக் குரல்நாண் செயலிழந்தது.

அறுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஜப்பானில் விடை கிடைத்தது. கோபே நகரின் குமா மருத்துவமனையில் மருத்துவர் அகிரா மியாவுச்சியின் யோசனைப்படி, 1993 முதல், ஒரு சென்டிமீட்டருக்கு மிகாத, அபாய அறிகுறியற்ற கட்டிகள் உள்ளவர்களுக்கு, உடனடி அறுவைக்குப் பதிலாகத் தொடர்ந்து கண்காணித்து வரும் வழியும் அளிக்கப்பட்டது. 2014-இல் வெளியான முடிவுகளின்படி, அவ்வாறு கண்காணிக்கப்பட்ட 1,235 பேரில், பத்தாண்டுகளில் கட்டி வளர்ந்தது சுமார் 8 சதவீதத்தினருக்கு. நிணநீர்க் கணுவுக்குப் பரவியது 4 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு. அந்தப் புற்றுநோயால் ஒருவரும் இறக்கவில்லை.

அறிகுறி எதுவும் இல்லாத பெரியவர்களுக்குத் தைராய்டு புற்றுநோயைத் தேடிப் பரிசோதிக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2017-இல் பரிந்துரைத்தது. கழுத்தில் கட்டி தட்டுப்படுபவர்கள், குரல் கம்மி நாளாகியும் சரியாகாதவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது. அவர்கள் தயங்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுவயதில் கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லி ஆலோசனை பெற வேண்டும். தைராய்டு சுரப்பு கூடுதலா குறைவா என்று பார்க்கும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் வேறு வகையைச் சேர்ந்தது. புற்றுநோயைத் தேடுவது அதன் வேலையன்று.

கொரியாவில் 2014 மார்ச்சில் எட்டு மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்து, அறிகுறி இல்லாதவர்களுக்குக் கழுத்து ஸ்கேன் செய்வதை நிறுத்தும்படி பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார்கள். செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அதை விரிவாகப் பேசின. ஓராண்டுக்குள் அந்நாட்டில் தைராய்டு அறுவை சிகிச்சைகள் ஏறத்தாழ 35 சதவீதம் குறைந்தன.