வழக்குமூலம்

'காஸ் ஆஃப் ஆக்ஷன்' என்ற ஆங்கிலச் சட்டச்சொல்லைச் 'செயலுக்கான காரணம்' என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். இங்கே 'ஆக்ஷன்' என்றால் வழக்கு. பழைய பிராதுகளில் இதை 'வியாஜ்ய மூலம்' என்றும் 'தாவா மூலம்' என்றும் எழுதினார்கள். வியாஜ்யம் வடமொழி, தாவா அரபி. வழக்குமூலம் என்பதே நல்ல தமிழ். 'காரணம்' என்னாமல் 'மூலம்' என்றதும் பொருத்தம்தான். வழக்குப் போட்ட காரணம் வெறும் வன்மமாகக்கூட இருக்கலாம், அது வழக்குமூலம் ஆகாது.

1888-இல் ரீட் எதிர் பிரவுன் வழக்கில் இங்கிலாந்து நீதிபதி எஷர் பிரபு இதற்கு வரையறை தந்தார்: எதிராளி மறுத்தால், தீர்ப்புப் பெற வாதி மெய்ப்பிக்க வேண்டிய எல்லா நிகழ்வுகளும் சேர்ந்ததே வழக்குமூலம். சான்றுகள் இதில் சேரா.

கவனக்குறைவு வழக்கில் (இலங்கையில் கவனயீனம்) கவனக் கடமை (பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் கடமை), அதை மீறியது, அதனால் விளைந்த கேடு மூன்றும் வாதி தாக்கல் செய்யும் வழக்குரையில் தெரிய வேண்டும். 'பிரதிவாதியின் கவனக்குறைவால் கால் முறிந்தது' என்பது வெறும் முடிவுரை. குழாய் பதிக்கத் தெருவில் குழி தோண்டியவர் பிரதிவாதி, தடுப்போ விளக்கோ வைக்கவில்லை, இன்ன தேதி இரவு வாதி அதில் விழுந்தார், கால் முறிந்தது, சிகிச்சைக்கு இவ்வளவு செலவு என்று எழுதினால்தான் மூலம் உண்டு. 'வழக்குமூலம் இன்ன நாளில் இந்நீதிமன்ற எல்லைக்குள் எழுந்தது' என்ற வாடிக்கைப் பத்தியையே மூலம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நாளையும் இடத்தையும் மட்டுமே காட்டும்.

ஸ்காட்லாந்தின் டொனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கும் இந்தக் கேள்வியில்தான் நின்றது. இஞ்சிபீர் புட்டியில் அழுகிய நத்தை கிடந்ததாக வாதி சொன்னார். அது முழுக்க மெய்யென்றே வைத்தாலும் தயாரிப்பாளர் மேல் வழக்கு உண்டா? உண்டு என்று 1932-இல் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் அவை 3-2 எனத் தீர்த்தது. நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை, வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இந்தியாவில் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 7 விதி 11(அ)-இன்படி மூலம் தெரியாத வழக்குரை நிராகரிக்கப்படும். நீதிமன்றம் அப்போது வழக்குரையையும் அதோடு சேர்ந்த ஆவணங்களையும் மட்டுமே பார்க்கும், பிரதிவாதியின் பதிலான எதிர்வழக்குரையைத் தொடாது. சாமர்த்தியமாக எழுதி மூலம் இருப்பதுபோல் மாயை காட்டினால் முளையிலேயே கிள்ளச் சொன்னது உச்ச நீதிமன்றத்தின் 1977 அறிவானந்தம் வழக்குத் தீர்ப்பு. நிராகரித்தபின் புதிதாகத் தாக்கல் செய்ய விதி 13 வழிவிடுகிறது. ஆனால் அதற்குள் வழக்குப் போடச் சட்டம் வைத்த காலவரம்பு கடந்துவிட்டால் அந்த வழி ஏட்டுச் சுரைக்காய்தான்.