கிளினிக்கல் ட்ரயல்: சோதனையா, தேர்வாய்வா?

பெரியம்மா மாதத்தில் ஒருநாள் தம்பலகாமத்திலிருந்து விடியற்புறமே பஸ் ஏறித் திருகோணமலைக்கு வருவார். கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் பழுப்புக் கடதாசியில் உறை போட்ட கிளினிக் கொப்பி. நம்பர் எடுத்து, வாங்கில் காத்திருந்து, டொக்டர் கொப்பியில் எழுதியதும் பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். கிளினிக் என்றால் அவருக்கு இதுதான்.

போன மாதம் லண்டனில் இருக்கும் அவருடைய மகளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. வயிற்றைப் பெரிதாக வெட்டாமல் செய்யும் ஒரு சிகிச்சையைப் பழைய முறையோடு ஒப்பிடுகிறார்கள், சேர விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். அக்கா அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, பெரியம்மா போனை என்னிடம் நீட்டினார். கடிதத்தின் தலைப்பில் இருந்த 'கிளினிக்கல் ட்ரயல்' என்பதை வாசித்துக் காட்டினேன்.

"கிளினிக் எண்டால் மாதாமாதம் போறதுதானே பிள்ளை, அதுக்கென்ன ட்ரயல்?"

சரியான கேள்வி. 'மருத்துவப் பரிசோதனை' என்று சட்டெனச் சொன்னேன். "ஓ, ரத்தம் எடுத்துப் பார்க்கிறதோ" என்றார். நான் சொன்ன சொல்தான் பிழை என்று அப்போதுதான் உறைத்தது.

முதலில் கிளினிக். கிரேக்கத்தில் 'கிளினே' என்றால் கட்டில். கட்டிலில் கிடக்கும் நோயாளியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கும் மருத்துவரைக் 'கிளினிக்கோஸ்' என்றார்கள். நம் ஊரிலோ கட்டில் உள்ள இடம் வாட்டு, நடந்து வந்து காட்டிவிட்டுப் போகிற இடம்தான் கிளினிக். வந்த வழியில் சொல் கட்டிலைக் கைவிட்டுவிட்டது. ஆனால் 'கிளினிக்கல்' என்ற அடைமொழியில் பழைய பொருள் இன்னும் இருக்கிறது. ஆய்வுகூடக் குழாயிலும் விலங்கிலும் பார்த்ததை, கடைசியில் உயிருள்ள நோயாளியிடம் வைத்துப் பார்ப்பது என்பதே அதன் கருத்து.

ட்ரயல் என்ற சொல்லின் வேர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய பிரெஞ்சில் 'த்ரியே' என்றால் பிரித்தெடுப்பது, சலித்தெடுப்பது. நெல் விளையும் தம்பலகாமத்தில் பிறந்த ஒருவருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. சுளகில் அரிசியை இட்டு மெல்ல அசைத்துக் கொழித்தால், கல்லும் மண்ணும் ஒரு பக்கம் ஒதுங்க, மணி மறுபக்கம் நிற்கும். நீதிமன்ற விசாரணையை ஆங்கிலத்தில் ட்ரயல் என்பதும் இந்த வேரிலிருந்துதான்: மெய்யையும் பொய்யையும் கொழித்துப் பார்க்கும் இடம் அது.

மருத்துவத்தில் இப்படிக் கொழித்த பழைய நிகழ்ச்சிகளில் பேர்போனது 1747இல் பிரித்தானியக் கடற்படைக் கப்பல் ஒன்றில் நடந்தது. பின்னாளில், 1795இல், நம் துறைமுகத்தைப் பிடித்து 1957 வரை தளமாக வைத்திருந்ததும் அந்தக் கடற்படைதான். ஸ்கர்வி நோயால் பல்முரசு வீங்கிச் சோர்ந்து கிடந்த 12 மாலுமிகளை ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு சோடிக்கு வினாகிரி, இன்னொரு சோடிக்குக் கடல்நீர், வேறொரு சோடிக்குத் தோடம்பழமும் எலுமிச்சையும் என்று ஆறு விதமாகக் கொடுத்தார். பழம் தின்ற இருவரும் ஒரு கிழமைக்குள் தேறிவிட்டார்கள். ஒரேமாதிரியான நோயாளிகளுக்கு வேறுவேறு சிகிச்சை கொடுத்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் லிண்ட். சொல்லின் உயிர் அந்த ஒப்பீட்டில் இருக்கிறது.

இப்போது தமிழுக்கு வருவோம். 'மருத்துவப் பரிசோதனை' என்று எழுதினால் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் நினைவுக்கு வரும். பெரியம்மாவுக்கு வந்ததும் அதுதான். 'சோதனை' என்றால் நம் பக்கத்தில் பள்ளிக்கூடச் சோதனை, இல்லாவிட்டால் கடவுள் தரும் சோதனை. இரண்டிலும் சோதிக்கப்படுவது மனிதர். இங்கே சோதிக்கப்படுவது சிகிச்சை, நோயாளி அல்ல. இந்த வேறுபாடு மறைந்தால் 'என்னை எலியாக்கப் போகிறார்கள்' என்ற பயம் வராமல் என்ன செய்யும்? 'பரீட்சார்த்தம்' பிழையில்லை, ஆனால் பேச்சில் வராத சொல். 'வெள்ளோட்டம்' அழகான சொல். புதுத் தேரை வெள்ளோட்டம் விடும் நாளில் கோயில் வீதியில் நிற்பவர் எவருக்கும் அது விளங்கும். சிலரிடம் மட்டும் முதன்முதலாகக் கொடுத்துப் பார்க்கும் கட்டத்துக்கு அதை நான் மனதார ஏற்பேன். ஆனால் வெள்ளோட்டத்தில் ஓடுவது ஒரு தேர்தான், பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொன்று இல்லை.

என் தெரிவு 'சிகிச்சைத் தேர்வாய்வு'. தேர்தல் என்ற வினைக்குத் தமிழில் ஆராய்தல், தெரிந்தெடுத்தல் என்ற இரண்டு பொருளும் உண்டு. 'தேரான் தெளிவும்' என்று வள்ளுவர் சொல்வது ஆராயாமல் நம்புவதைத்தான். கொழிப்பதும் ஆராய்ந்து எடுப்பதும் ஒரே வேலை என்பதால், பிரெஞ்சு வேருக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்கு அகப்படவில்லை. தமிழ்நாட்டில் தேர்வு என்றால் பரீட்சை ஆகிவிடும் என்பது உண்மை. 'ஆய்வு' சேர்ந்து நிற்பதால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

கடிதத்தில் இருந்த மற்றச் சொல் 'மினிமலி இன்வேசிவ்'. 'குறைந்த ஊடுருவல்' என்று மொழிபெயர்க்கிறார்கள். திருகோணமலையில் ஊடுருவல் என்ற சொல்லை நாங்கள் எத்தனை வருடம் எந்தச் செய்திகளில் கேட்டோம்! அதை ஒரு நோயாளியின் காதில் போட எனக்கு மனம் வராது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்த டொக்டர் கிறீன் சத்திரசிகிச்சைக்கு 'இரண வைத்தியம்' என்ற பெயரைக் கையாண்டார். இரணம் என்றால் காயம். அந்த வழியில் போனால் 'சிறுகாயச் சிகிச்சை' என்று சொல்லிவிடலாம். பித்தப்பையைச் சிறு துளைகளால் எடுப்பதும், மணிக்கட்டு நாடி வழியாக இதயக் குழாய்க்குப் போவதும் இதற்குள் அடங்கும்.

சிறுகாயம் என்றால் நல்லதுதானே, அதற்கு எதற்குத் தேர்வாய்வு என்று கேட்கலாம். ஆரம்ப நிலைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குச் சிறுதுளை வழியாகக் கருப்பையை எடுக்கும் முறை பல நாடுகளில் ஏற்கெனவே வழக்கமாகிவிட்டிருந்தது. பிறகு 631 பெண்களை எழுமாற்றாக, அதாவது மருத்துவரோ நோயாளியோ தெரிவு செய்யாமல் குலுக்கல்போல, இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். 2018இல் முடிவு வந்தது. நாலரை வருடத்தில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறையில் 96.5 வீதம், சிறுதுளை முறையில் 86 வீதம். தழும்பு சிறிது, ஆபத்து பெரிது. பெருங்குடல் புற்றுநோயில் 872 பேரை வைத்து 2004இல் வெளிவந்த ஆய்விலோ, நோய் திரும்பியது இரண்டு முறையிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். உறுப்புக்கு உறுப்பு, நோய்க்கு நோய் விடை மாறுகிறது. கொழிக்காமல் எப்படித் தெரியும்?

இதையெல்லாம் பெரியம்மாவுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப எது நல்லதெண்டு அவங்களுக்கே தெரியாதோ?"

"இன்னும் தெரியாது பெரியம்மா. அதுக்குத்தான் இது. வேண்டாமெண்டு சொன்னாலும் வழமையான வைத்தியம் செய்வாங்கள். சேர்ந்தபிறகும் இடையில விலகலாம்."

போனை வாங்கி மகளுக்குக் குரல் பதிவு போட்டார். "பிள்ளை, இது ரத்தம் பார்க்கிறதில்லையாம். ரெண்டு வைத்தியத்தைக் கொழிச்சுப் பார்க்கினமாம். எந்தப் பக்கம் நீ விழுவாய் எண்டு முன்னமே சொல்லமாட்டினமாம். எல்லாத்தையும் கேட்டு விளங்கிப்போட்டுக் கையெழுத்து வை. விளங்காட்டி வைக்காதை."

பிறகு கிளினிக் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.