செரோக்கி நேஷன் குடியுரிமை யாருக்கு உண்டு?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் தாலக்குவாவைத் தலைநகராகக் கொண்ட செரோக்கி நேஷன், தன் குடிமக்கள் யார் என்பதைத் தானே தீர்மானிக்கும் பழங்குடி அரசு. விண்ணப்பிப்பவரின் நேரடி முன்னோர் ஒருவரின் பெயர், ஏறத்தாழ 1898 முதல் 1906 வரை கூட்டாட்சி அரசின் ஆணையம் தயாரித்த டாவ்ஸ் பட்டியல் என்ற பழங்குடியினர் பெயர்ப் பட்டியலின் இறுதிப் பதிவில் இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை விதி. இத்தனை பங்கு செரோக்கி இரத்தம் இருக்க வேண்டும் என்ற வரம்பு கிடையாது. தோற்றமும், மரபணுச் சோதனை முடிவும், வீட்டில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தியும் சான்றாகா. விண்ணப்பதாரர் தம்மிடமிருந்து அந்த முன்னோர் வரை ஒவ்வொரு தலைமுறையையும் பிறப்பு, இறப்பு முதலிய ஆவணங்களால் இணைத்துக் காட்ட வேண்டும். செரோக்கி ஒருவரை மணந்துகொண்டதால் மட்டும் இன்று குடியுரிமை கிடைக்காது.

இந்த விதி ஏன் பல வழக்குகளைச் சந்தித்தது என்பது பழைய சட்டங்களைப் பார்த்தால்தான் விளங்கும். செரோக்கியரின் ஏழு குலங்களும் தாய்வழிப்பட்டவை. தாய் செரோக்கி என்றால், தகப்பன் யாராயினும் பிள்ளை குலத்தில் பிறந்ததாகவே கொள்ளப்பட்டது. செரோக்கி ஆணுக்கும் வெள்ளையினப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைக்கோ குலம் இல்லை. 1825ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பிள்ளைகளுக்கும் குடியுரிமை வழங்கியது. ஆனால் 1827ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஆப்பிரிக்க இனப் பெண்களுக்குச் செரோக்கி ஆண்கள் வழியே பிறந்தவர்களுக்கு அந்த உரிமையை மறுத்ததோடு, தந்தை வழியிலோ தாய் வழியிலோ கறுப்பினக் கலப்புள்ள எவரும் அரசுப் பதவி வகிக்க முடியாது என்றும் விதித்தது. கலப்பு மணத்தின் ஒரு பக்கத்துக்குக் கதவு திறந்தபோதே மறுபக்கத்துக்கு அது சாத்தப்பட்டது.

செரோக்கியரிடமும் கறுப்பின அடிமைகள் இருந்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் கூட்டாட்சி அரசுடன் கையெழுத்தான 1866ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் பிறப்பால் செரோக்கியரான மக்களுக்குள்ள எல்லா உரிமைகளையும் உறுதிசெய்தது. டாவ்ஸ் ஆணையமோ மக்களை இனவாரியாகப் பிரித்து எழுதியது. இரத்தவழிச் செரோக்கியர் அட்டையில் ‘முழு’ என்றோ, பின்னமாகவோ இரத்த அளவு குறிக்கப்பட்டது. விடுதலை பெற்றோர் அட்டையில் இரத்த அளவு குறிக்கப்படவில்லை. முன்பு யாருடைய அடிமை என்ற விவரமே இருந்தது. செரோக்கித் தகப்பனோ பாட்டியோ உடைய பலரும் அந்த இரண்டாம் வகை அட்டையிலேயே பதிவாகிப்போனார்கள். அந்தப் பதிவு ஒரு பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் அதன் விளைவு நூறாண்டுக்கு மேல் நீடித்தது: 1980களில் இரத்த அளவுச் சான்றிதழ் கட்டாயமானதும், இவர்களின் வழித்தோன்றல்கள் வாக்குரிமை இழந்தனர். 2006இல் பழங்குடியின் உச்சத் தீர்ப்பாயம் அவர்களுக்குக் குடியுரிமை உண்டு என்றது. மறுஆண்டே சிறப்பு வாக்கெடுப்பில் அரசியலமைப்பைத் திருத்தி அவர்களை மீண்டும் விலக்கினர்.

வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் 2017 ஆகஸ்டில், 1866ஆம் ஆண்டு உடன்படிக்கை இன்றும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் செரோக்கி நேஷன் உச்ச நீதிமன்றம், ‘இரத்தவழி’ என்ற சொல்லை அரசியலமைப்பிலிருந்தும் பிற சட்டங்களிலிருந்தும் நீக்க உத்தரவிட்டது. ஆகவே விடுதலை பெற்றோர் பிரிவில் முன்னோர் பெயரைக் காட்டக்கூடியவர் இப்போது முழுக் குடிமகனாகிறார். வாக்களிக்கலாம், தேர்தலில் போட்டியிடவும் செய்யலாம்.

விண்ணப்பிக்குமுன் எந்த அரசிடம் விண்ணப்பிக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வட கரோலினாவின் கிழக்குச் செரோக்கி அரசு, 1924ஆம் ஆண்டு பேக்கர் பட்டியலில் நேரடி முன்னோர் இருப்பதோடு குறைந்தது 1/16 இரத்த அளவையும் கேட்கிறது. தாலக்குவாவிலேயே உள்ள ஐக்கிய கீட்டூவா குழுவோ 1/4 கேட்கிறது.