சோக் கேபிள் சுட்டால் பேட்டரியை மாற்றாதீர்கள்

பெயின்ட் அடித்துப் பளபளவென்று வந்து நின்றது ஒரு பிரீமியர் பத்மினி, 1984 மாடல். காலையில் செல்ஃப் அடித்தால் முனகுவதோடு சரி. உரிமையாளர் அதற்குள் புது பேட்டரி போட்டுவிட்டார், செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ்ஷும் மாற்றிவிட்டார். "இன்னும் எதைத்தான் மாத்துறது?" என்று கேட்டார், எரிச்சலோடு.

அவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக் கேபிள் மேல் விரல் வைத்தேன். சுட்டது.

பழைய வண்டிகளில் இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கும். ரப்பரில் கரண்ட் பாயாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு செம்புப் பின்னல் பட்டை உண்டு, எர்த் பட்டை. செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் பேட்டரிக்குத் திரும்புவது அதன் வழியாகத்தான். பெயின்டர் அந்தப் பட்டையை முடுக்கும் இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டார். வழி அடைபட்ட கரண்ட், கிடைத்த சந்தான சோக் கேபிளில் புகுந்துவிட்டது. அந்தக் கேபிள் போய் முடிவது பெட்ரோல் இருக்கும் கார்புரேட்டரில் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஸ்பார்க்குக்கு உயர் அழுத்தக் கரண்ட் தருவது காயில், அதைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பது டெல்கோ. காயிலிலிருந்து டெல்கோவுக்குப் போகும் தடித்த வயரை டெல்கோ பக்கம் கழற்றி, அதன் முனையை எர்த்தில், அதாவது இன்ஜினின் வெற்று உலோகத்தில், நன்றாகத் தொடும்படி வைத்துவிடுங்கள், வண்டி ஸ்டார்ட் ஆகாது. மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸ் முளையில், இன்னொன்று இன்ஜின் பிளாக்கில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. இந்த வண்டியில் இரண்டரை காட்டியது. உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்த்து, பட்டையை முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினோம். பத்து நிமிட வேலை. மாற்றிய பழைய பேட்டரி எங்கே என்று கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டாராம்.

அடுத்து அதிகம் வருவது, ஓடிச் சூடானதும் நின்றுபோகும் வண்டி. அரை மணி ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். எல்லோரும் கார்புரேட்டரைக் கழற்றத்தான் ஓடுகிறார்கள். நின்ற அந்த நிமிடமே ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். ஆறின பிறகு பார்த்துப் பயனில்லை, அப்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஸ்பார்க் இல்லையென்றால் என் சந்தேகம் முதலில், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சர் மேல், அப்புறம்தான் காயில் மேல். டெல்கோ மூடியைத் திறந்தால், காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் அந்தப் பாயிண்டே பாதி சொல்லிவிடும்: ஒரு முகத்தில் மேடு, எதிர் முகத்தில் குழி என்று கருகியிருந்தால் கண்டன்சரைத்தான் பார்க்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ., பிளக்கில் சுமார் 0.6 மி.மீ. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் வைத்தே பாருங்கள். கண்ணளவை நானே நம்புவதில்லை.

புது கண்டன்சர் ஒரே வாரத்தில் போனதையும் பார்த்திருக்கிறேன். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழையதை மாற்றினால் தூக்கிப் போடாதீர்கள், டேஷ்போர்டில் கிடக்கட்டும்.

பாட்டுக் கேட்க இக்னிஷனை ஆன் செய்துவிட்டு வண்டியை ஓட்டாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால், 3 ஓம் காயிலில் 4 ஆம்பியர் ஓயாமல் ஓடும். காயில் கொதித்து வீணாகும்.

அப்புறம் அந்த வெள்ளித்தாள். ப்யூஸ் போனதும் சிகரெட் பாக்கெட் தாளைச் சுற்றிச் செருகிவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாள் உருகாது, அதற்குப் பதில் உள்ளே நாற்பது வருட வயரின் உறைதான் உருகும். எரிந்த வாசனை வந்தால் சாவியை அணைத்தால் மட்டும் போதாது, பேட்டரி முனையைக் கழற்றுங்கள். அதற்கு ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் வேண்டாம்.