ட்ரையல் ரன் ஓடுது, நம்மள எப்ப ஏத்துவாங்க? பூந்தமல்லி மெட்ரோவுக்கு காத்திருக்கறவங்களுக்கு

எங்க வீடு சென்னைல, பூந்தமல்லி பக்கத்துல இருக்கற காட்டுப்பாக்கத்துல, மெயின் ரோட்டுலருந்து ரெண்டு தெரு உள்ள தள்ளி. மொட்டை மாடிக்கு துணி காயப்போட போனா மெட்ரோ பாலம் தெரியும், அதுல காலி ட்ரெயின் போறதும் தெரியும். தெருவுல யார பாத்தாலும் ஒரே கேள்விதான், "ட்ரெயின்தான் ஓடுதே, அப்புறம் ஏன்பா ஏத்த மாட்டேங்குறாங்க?" கீழ் வீட்டு பெரியவர் போன வாரம் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் நடந்து போயி அங்க நின்ன செக்யூரிட்டிகிட்டயே கேட்டுட்டு வந்தாரு, அவருக்கு என்ன தெரியும் பாவம். அதனால ஒரு லைன் தொறக்கணும்னா சட்டப்படி என்னென்ன நடக்கணும், டிக்கெட் ரேட்ட யாரு வைக்கிறாங்க, தொறந்தப்புறம் நம்ம பஸ் என்னாகும், இத எல்லாம் ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன். இத எழுதுறது 2025 நவம்பர்ல, படிக்கும்போது அத மனசுல வச்சுக்கோங்க.

நம்ம லைனுக்கு பேரு காரிடார் 4. கலங்கரை விளக்கத்துலருந்து பூந்தமல்லி பைபாஸ் வரைக்கும் 26.1 கிலோமீட்டர். மெட்ரோ ரெண்டாம் கட்டத்துல வர்ற மூணு லைன்ல இது ஒண்ணு, மத்த ரெண்டும் மாதவரத்துல ஆரம்பிச்சு ஒண்ணு சிறுசேரி சிப்காட்டுக்கும் இன்னொன்னு சோழிங்கநல்லூருக்கும் போகுது. மொத்தம் 118.9 கிலோமீட்டர், 128 ஸ்டேஷன், செலவு 63,246 கோடி. 2020 நவம்பர்லயே அடிக்கல் நாட்டிட்டாங்க, ஆனா மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான் வந்துச்சு, நடுவுல நாலு வருஷம் பெரும்பாலும் மாநில அரசு காசுலயும் வெளிநாட்டு வங்கி கடன்லயும்தான் வேலை நடந்துச்சு. அந்த அரசியல இங்க பேசல, நமக்கு வேண்டியது ட்ரெயின்.

2025 மார்ச் 20ல மொத ட்ரையல், பூந்தமல்லிலருந்து முல்லைத் தோட்டம் வரைக்கும். ஏப்ரல் கடைசில போரூர் வரைக்கும் வந்துருச்சு. அன்னைக்கு எங்க ஏரியா பசங்க எல்லாம் மாடில நின்னு வீடியோ எடுத்தாங்க, எனக்கும் கண்ணு கலங்குனது உண்மைதான், அத்தன வருஷம் தூசி தின்னுருக்கோம். ஆனா ட்ரையல்ங்கறது சென்னை மெட்ரோவ நடத்துற சிஎம்ஆர்எல் நிறுவனம் தன்னோட ட்ராக்ல தன்னோட ட்ரெயின ஓட்டி பாத்துக்கறது, அவ்ளோதான். ஜனங்கள ஏத்தறது வேற விஷயம், அத முடிவு பண்ற அதிகாரம் சிஎம்ஆர்எல்கிட்ட இல்ல. இந்த ஒரு பாயிண்ட் புரிஞ்சா பாதி குழப்பம் போயிரும்.

இதுக்குன்னு ஒரு மத்திய சட்டம் இருக்கு, 2002ஆம் வருஷ மெட்ரோ ரயில் இயக்கம் மற்றும் பராமரிப்பு சட்டம். மொதல்ல டெல்லிக்கு மட்டும்தான் போட்டாங்க, 2009ல திருத்தி மத்த ஊர் மெட்ரோவுக்கும் சேத்துட்டாங்க. அதுல 14வது பிரிவு, மத்திய அரசோட முன் அனுமதி இல்லாம எந்த மெட்ரோவயும் பயணிகளுக்கு தொறக்கக் கூடாதுன்னு சொல்லுது. 15வது பிரிவு, அந்த அனுமதிக்கு முன்னாடி மெட்ரோ ரயில் பாதுகாப்பு கமிஷனர் நேர்ல வந்து பாத்து ரிப்போர்ட் குடுக்கணும்னு சொல்லுது. ட்ராக்கும் ட்ரெயினும் கவனமா பாத்தேன், பாலம் தாங்கும், சிக்னலும் கரண்ட் சப்ளையும் விதிப்படி இருக்கு, ஜனங்களுக்கு ஆபத்து இல்லாம இத தொறக்கலாம்னு அவரு எழுத்துல சொல்லணும். அப்படி சொல்ல முடியலன்னா ஏன் முடியல, என்னென்ன சரி பண்ணணும்னும் அவரே எழுதணும். இன்னொன்னு பல பேருக்கு தெரியாது, இந்த பாதுகாப்பு கமிஷன் ரயில்வே அமைச்சகத்துக்கு கீழ இல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு கீழ இருக்கு. ட்ரெயின் ஓட்டறவங்களே ட்ரெயின பாஸ் பண்ணிக்கக் கூடாதுன்னுதான் தனியா வச்சிருக்காங்க. நல்ல ஏற்பாடுன்னுதான் நான் நெனைக்கிறேன்.

கமிஷனர் வர்றதுக்கு முன்னாடி ஆர்டிஎஸ்ஓ டெஸ்ட் இருக்கு, லக்னோல இருக்கற ரயில்வே ஆராய்ச்சி அமைப்பு அது. அவங்க வந்து ட்ரெயின பல ஸ்பீடுல ஓட்டி எவ்ளோ ஆடுது, எமர்ஜென்சி பிரேக் போட்டா எத்தன மீட்டர்ல நிக்குது, வளைவுல எப்படி போகுதுன்னு அளந்து பாப்பாங்க, ஆள் நெறைஞ்ச மாதிரி எடை வரணும்னு வழக்கமா மணல் மூட்டை ஏத்தியும் ஓட்டுவாங்க. நம்ம லைனுக்கு அது ஆகஸ்ட்ல ஆரம்பிச்சுது. அந்த சர்டிபிகேட் வந்து, ரயில்வே போர்டு ஒப்புதலும் வந்தப்புறம்தான் கமிஷனர கூப்பிட முடியும். அதோட நம்ம லைன்ல வர்றது டிரைவரே இல்லாம ஓடக்கூடிய மூணு பெட்டி ட்ரெயின், அதனால சிக்னல் சிஸ்டத்துக்கு வெளி ஆள் ஒருத்தர் தனியா பாதுகாப்பு சான்று குடுக்கணும், ப்ளாட்பாரம் கதவும் ட்ரெயின் கதவும் ஒண்ணா தொறக்குதா ஒண்ணா மூடுதான்னு தெனமும் ஓட்டி ஓட்டி பாக்கணும். நம்ம மாடிலருந்து பாக்கும்போது ட்ரெயின் சும்மா போயிட்டு வர்ற மாதிரி இருக்கும், உள்ள நடக்கறது இதெல்லாம்தான்.

லேட்டாகுதுன்னு கோவப்படறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஜூன் 12ஆம் தேதி ராமாபுரம் பக்கம், சோழிங்கநல்லூர் போற காரிடார் 5 வேலைல கர்டர் (பாலத்து உத்தரம்) விழுந்து பைக்ல போனவரு ஒருத்தர் செத்துப் போயிட்டாரு. அது கட்டுமான நேரத்துல நடந்தது, தொறக்கறதுக்கு முன்னாடி பண்ற சோதனை வேற, ரெண்டையும் கொழப்பிக்க வேணாம். ஆனா நாமளும் நம்ம புள்ளைங்களும்தான் தெனமும் அந்த ரோட்டுல போறோம். 2025 கடைசிக்குள்ள தொறப்போம்னு சொன்னாங்க, ரெண்டு மாசம் தள்ளிப் போனாலும் போகட்டும், பிரேக் டெஸ்ட்ட பாதில விட்டுட்டு ரிப்பன் வெட்ட வேணாம்னுதான் என் கருத்து.

சரி, தொறந்துட்டா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ட்ரெயின் வருமான்னா, மொத நாள்லருந்தே அப்படி எதிர்பாக்காதீங்க. பெங்களூரு மஞ்சள் லைன பாருங்க, ஆர்.வி. ரோடுலருந்து பொம்மசந்திரா வரைக்கும் 19 கிலோமீட்டர், ட்ராக் ஸ்டேஷன் எல்லாம் ரெடியாகி ட்ரெயின் வராம காத்துக் கெடந்துச்சு, கடைசில 2025 ஆகஸ்ட் 10ல தொறந்தப்ப கைல இருந்தது மூணே ட்ரெயின், அதனால 25 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு ஓட்டுனாங்க. லைன் தொறக்கறது ஒரு தேதி, சர்வீஸ் நல்லா ஆகறது இன்னொரு தேதி. அதனால மெட்ரோ வந்துருச்சுன்னு அடுத்த நாளே பஸ் பாஸ தூக்கிப் போட்றாதீங்க.

இப்ப காசு. அதே சட்டத்துல 33வது பிரிவுல டிக்கெட் ரேட் வருது. கட்டணத்த ஒரு கமிட்டி சிபாரிசு பண்ணும், அதுக்கு தலைவரா இப்ப பதவில இருக்கற இல்ல ஓய்வு பெற்ற ஹைகோர்ட் ஜட்ஜ் இருப்பாரு, மத்திய அரசு சார்புல ஒருத்தர், மாநில அரசு சார்புல ஒருத்தர். ஆனா மெட்ரோவ முதல் முதலா தொறக்கும்போது மட்டும் கமிட்டி இல்லாமலே நிர்வாகமே ரேட் வச்சுக்கலாம்னு விலக்கு இருக்கு. கமிட்டி போட்டு அவங்க ஒரு ரேட்ட சொல்லிட்டா அது நிர்வாகத்த கட்டுப்படுத்தும், அப்புறம் போயி மனு குடுத்து பெருசா பலன் இல்ல. பெங்களூருல அப்படித்தான் ஆச்சு, நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஜட்ஜா இருந்து ஓய்வு பெற்றவங்க தலைமைல கமிட்டி ஒக்காந்து, 2025 பிப்ரவரில அதிகபட்ச கட்டணம் 60லருந்து 90 ரூபா ஆயிருச்சு. அந்த கமிட்டி பொதுமக்கள் கருத்த கேட்டுச்சு. நாளைக்கு நம்ம ஊர்லயும் ஒரு கமிட்டி வந்து கருத்து கேட்டா, அந்த நேரத்துலதான் எழுதி அனுப்பணும்.

சென்னைல இப்ப ஓடுற மெட்ரோவுல குறைஞ்சது 10 ரூபா, அதிகபட்சம் 50. 2021 பிப்ரவரில 70லருந்து கொறைச்சது இது. 5லருந்து 12 கிலோமீட்டருக்கு 30 ரூபா. காட்டுப்பாக்கத்துலருந்து வடபழனி சுமார் 10 கிலோமீட்டர் வரும், இதே ரேட் நம்ம லைனுக்கும் வந்தா போக 30 வர 30. கார்டுலயோ க்யூஆர்லயோ எடுத்தா 20 சதவீதம் தள்ளுபடி, அப்ப ஒரு நாளைக்கு 48. கார்டுன்னா பழைய மெட்ரோ ட்ராவல் கார்டு இல்ல, அத இந்த ஆகஸ்ட்லருந்து நிறுத்திட்டாங்க, சிங்காரச் சென்னை கார்டு வாங்கிக்கோங்க, அது மாநகர பஸ்லயும் செல்லும். செப்டம்பர்ல வந்த சென்னை ஒன் ஆப்லயும் பஸ், மெட்ரோ, லோக்கல் ட்ரெயின் மூணுக்கும் சேத்து டிக்கெட் எடுக்கலாம்.

நான் இத எழுத உக்காந்ததுக்கு முக்கிய காரணமே இனிமே வர்றதுதான், பஸ். எங்க எதிர் வீட்டு அக்கா வடபழனில ரெண்டு வீட்டுல சமையல் வேலை பாக்குறாங்க. காலைல ஆறு மணிக்கு கெளம்பி சாதாரண கட்டண பஸ்ல போவாங்க, டிக்கெட் கெடையாது. 2021 மே மாசத்துலருந்து இருக்கற விடியல் பயணம் திட்டம் அது, பெண்களுக்கு, திருநங்கைகளுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கும் அவங்க கூட துணைக்கு போறவங்களுக்கும் சாதாரண கட்டண பஸ்ல இலவசம். டீலக்ஸ், ஏசி பஸ்ல கெடையாது, மெட்ரோவுல சுத்தமா கெடையாது. மேல சொன்ன 48 ரூபாய மாசம் 25 நாளைக்கு போட்டா 1,200 ரூபா. அந்த அக்கா சம்பளத்துல 1,200ங்கறது ஒரு வாரத்துக்கு மேல வர்ற மளிகை. நமக்கு மெட்ரோ வந்தா நேரம் மிச்சம், அவங்களுக்கு அதே ரோட்டுல சாதாரண பஸ் கொறைஞ்சா காசு போச்சு.

பஸ்ஸ கொறைப்பாங்கன்னு யாரும் அறிவிக்கல, நான் புரளி கெளப்பல. ஆனா மெட்ரோ ஒரு ரோட்டுல வந்தா அங்க ஓடுற பஸ் ரூட்ட திருப்பி மாத்தி அமைக்கறது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான், அதுல நல்லதும் இருக்கு. மெயின் ரோட்டுல ஒண்ணு பின்னாடி ஒண்ணா காலியா போற பஸ்ல நாலு எடுத்து உள் தெருக்கள்லருந்து ஸ்டேஷனுக்கு விட்டா அது பெரிய உபகாரம். ஸ்டேஷன் காட்டுப்பாக்கத்துல இருக்கும், ஆனா அங்கருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ள இருக்கறவங்க ஆட்டோக்கு குடுக்கற காசு மெட்ரோ டிக்கெட்ட விட அதிகமா இருந்தா யாரு ஏறுவாங்க? பஸ் ரூட்ட முடிவு பண்றது எம்டிசி, அதாவது மாநகர போக்குவரத்துக் கழகம், ட்ரெயின் சிஎம்ஆர்எல், ரெண்டையும் சேத்து பாக்கறதுக்குன்னு 2010ல போட்ட சட்டத்து மூலமா வந்தது கும்டாங்கற போக்குவரத்து ஆணையம். ஒரு ரூட்ட எடுக்கும்போதோ திருப்பி விடும்போதோ அந்த ரூட்ல எத்தன பஸ் சாதாரண கட்டணம்ங்கற கணக்கு வெளில வரணும். பத்து பஸ் பத்தாவே இருக்கும், ஆனா அதுல ஆறு டீலக்ஸா மாறிட்டா அந்த அக்காவுக்கு பஸ் கொறைஞ்சதாதான் அர்த்தம், போர்டுல நம்பர் மாறாது, அதனால வெளில தெரியவும் தெரியாது.

இத தெரிஞ்சுக்க நமக்கு உரிமை இருக்கு. தகவல் அறியும் உரிமை சட்டத்துல 10 ரூபா கட்டி எழுதுனா 30 நாளுக்குள்ள பதில் குடுக்கணும். எம்டிசிக்கு ஒண்ணு, சிஎம்ஆர்எல்லுக்கு ஒண்ணு, தனித்தனியா போடுங்க, ஒரே மனுல ரெண்டு பேரயும் கேட்டா பதில் வர்றதுக்குள்ள அலைச்சல்தான். "ஏன்", "எப்போ தொறப்பீங்க"ன்னு கேக்காதீங்க, அது கருத்து கேள்வின்னு தள்ளிருவாங்க, கைல இருக்கற ஆவணத்த கேளுங்க. சிஎம்ஆர்எல்கிட்ட பாதுகாப்பு கமிஷனர் ஆய்வு பண்ணி விதிச்ச நிபந்தனைகளோட நகல் (ஆய்வு முடிஞ்சப்புறம் போடணும் இத), ஸ்டேஷன் வாரியா லிப்ட்டு, சாய்தளம் இருக்கற விவரம். எம்டிசிகிட்ட பூந்தமல்லி, காட்டுப்பாக்கம், போரூர் வழியா இன்னைக்கு ஓடுற ரூட் எல்லாத்தோட நம்பரும், ஒவ்வொண்ணுலயும் ஒரு நாளைக்கு எத்தன நடை, அதுல சாதாரண கட்டணம் எத்தன, டீலக்ஸ் எத்தன.

இந்த கடைசி கேள்விய மட்டும் மெட்ரோ தொறக்கறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, தொறந்து மூணு மாசம் கழிச்சு அதே கேள்விய திருப்பி போட்டா ரெண்டு பதிலயும் பக்கத்துல வச்சு பாத்துக்கலாம். எங்க தெரு சார்புல மனு போன திங்கக்கிழமை ரிஜிஸ்டர் தபால்ல போயிருச்சு, எதிர் வீட்டு அக்காதான் மொத கையெழுத்து.