தகடு தெரிந்த அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள்

போன மாதம் ஒரு தம்பி டட்சன் 120 ஒய் கார் ஒன்றை லோரியில் ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். அவருடைய அப்பாவின் காடி. அப்பா தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவராம், இப்போது இல்லை. தம்பி ஆசைப்பட்டுத் தன் கையாலேயே பழைய பெயிண்டையெல்லாம் சுரண்டி எடுத்து, தகட்டை வெள்ளித் தட்டு மாதிரி ஆக்கி, மீதி வேலைக்குக் காசு சேரட்டும் என்று வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் மூன்று மாதம் நிறுத்தி வைத்திருக்கிறார். கூரைதான் இருக்கிறதே, மழை படாதே என்ற நினைப்பு. லோரியிலிருந்து இறக்கும்போது பார்க்கிறேன், பானெட்டில் ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்த ஒரு கை, ஆரஞ்சு நிறத் துருவில். யாரோ ஒருநாள் அதில் கை ஊன்றி நின்று கதை பேசியிருக்கிறார்கள். வியர்வை உப்பு செய்த வேலை அது.

வெறும் இரும்பு துருப்பிடிக்க மழை வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் போதும், வேலை தொடங்கிவிடும். எங்கள் பேராக் சுங்கை சிப்புட்டில் விடியற்காலையில் எழுந்து வெளியே வந்தால் செம்பனை மட்டையிலிருந்து பனி சொட்டுகிறது, அந்தக் காற்றில் தகட்டை நிறுத்தினால் என்ன ஆகும்? வறண்ட ஊர்க்காரர்கள் யூடியூப்பில் வெறும் தகட்டோடு வாரக்கணக்கில் நிதானமாக வேலை செய்வதைப் பார்த்துவிட்டு இங்கே அப்படிச் செய்யாதீர்கள். என் வழக்கம் இதுதான்: இன்று பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் தகட்டை மூடும் முதல் பூச்சு) அடிக்க முடிந்த அளவுக்குத்தான் இன்று சுரண்டுவேன். ஒரு கதவு என்றால் ஒரு கதவு.

பானெட்டாவது பரவாயில்லை, மேலோட்டமான துரு, 80ஆம் நம்பர் சேண்ட்பேப்பரில் போய்விட்டது. பின்னால் சாமான் வைக்கும் பூட் தரைதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த அப்பா வருஷக்கணக்கில் அதில் உர மூட்டை ஏற்றியிருக்கிறார். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு, அதாவது அதுவும் ஓர் உப்புதான். துரு அரித்த சின்னச் சின்னக் குழிகளுக்குள் அது இறங்கி உட்கார்ந்துவிட்டால், மேலே எவ்வளவு தேய்த்தாலும் அடியில் அப்படியே இருக்கும். அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பிரைமர் அடித்தாலும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, ஒரு வருஷத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளப்பிவிடும்.

இதைச் சோதிக்க மெஷின் எல்லாம் வேண்டாம். தேய்த்த இடத்தைச் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவி, உடனே சூடான காற்று ஊதும் ஹாட் கன் வைத்து உலர்த்தி, ஓர் அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருக்க, குழிகள் மட்டும் மிளகு தூவின மாதிரி கறுத்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. மறுபடி கழுவி, உலர்த்தி, தேய்க்க வேண்டியதுதான். கம்பி பிரஷ் சக்கரத்தை நம்பாதீர்கள், அது துருவை எடுப்பதைவிட குழிக்குள் அழுத்தி மெருகேற்றுவதுதான் அதிகம். பார்க்க மினுமினு என்று இருக்கும், பிரைமருக்குப் பிடிமானம் இருக்காது. காற்றழுத்தத்தில் மணலை வீசி அடிக்கும் மணல் பிளாஸ்டிங் குழிக்குள் போகும், ஆனால் பானெட், கூரை மாதிரி அகலமான தகட்டில் அழுத்தம் கூடினால் நெளிந்துவிடும். சூட்டில் நெளிகிறது என்று பலர் சொல்வார்கள், உண்மையில் ஒரு பக்கம் மட்டும் அடிபட்டு அந்தப் பக்கம் விரிவதால்தான் பெரும்பாலும் அப்படி ஆகிறது.

அப்புறம் ஆசிட். ரப்பர் பால் உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றிப் பழகிய தோட்டத்துக்காரர்கள் நாம், ஆசிட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் துருவின்மேல் பாஸ்பாரிக் ஆசிட்டைத் தடவி, துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, ஹார்ட்னர் என்ற இறுக்கும் மருந்தைக் கலந்து அடிக்கும் எப்பாக்ஸி பிரைமரை நேராக அடித்தேன். ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் என் கண் முன்னாலேயே நகத்தால் கீறினார். பலாப்பழத் தோல் மாதிரி கூட இல்லை, வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் வெள்ளையாகப் பொடி. முழுக்க என் தப்புதான். ஆசிட் மிச்சமிருந்தால் எப்பாக்ஸியின் ஹார்ட்னர் சரியாக வேலை செய்யாது. தகட்டைக் கடித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமருக்குள்ளும் ஆசிட் உண்டு, அதனால் அதன்மேல் எப்பாக்ஸியோ புட்டியோ போடுவதற்கு முன் டின்னோடு வரும் தொழில்நுட்பத் தாளைப் படியுங்கள். பெயிண்ட் கடைத் தவுக்கேயின் (முதலாளியின்) வாய்ச்சொல் போதாது.

நான் வெறும் தகட்டுக்கு எப்பாக்ஸிதான் அடிப்பேன். சிவப்பு ஆக்சைடு மலிவு, ஆனால் ஈரத்தை உள்ளே விடும். ஹார்ட்னர் கலந்து, மேடுபள்ளம் நிரப்ப அடிக்கும் டூ கே ஃபில்லர் பிரைமரும் அப்படித்தான், தேய்த்து மட்டம் பார்க்க நல்லது, ஈரத்தைத் தடுக்க ஆகாது. முதலில் எப்பாக்ஸி, அதன்மேல் புட்டி, அதன்மேல்தான் மற்றதெல்லாம்.

அடிப்பதற்கு முன் துடைப்பது எல்லாருக்கும் அலுப்பான வேலை. மலிவுத் தின்னர் வேண்டாம், அது காய்ந்த பிறகு எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும். கிரீஸ் ரிமூவர் நனைத்த துணி ஒரு கையில், காய்ந்த துணி மறு கையில். நனைத்த துணி போன தடத்திலேயே, அது காயும் முன் காய்ந்த துணி போக வேண்டும். தேய்க்கும் முன் ஒருமுறை, தேய்த்த பின் ஒருமுறை. கையுறை கட்டாயம், அந்தப் பானெட்டுக் கையை மறக்காதீர்கள். கம்ப்ரஸர் டாங்கியில் தேங்கிய தண்ணீரைக் காலையிலேயே திறந்துவிட்டுவிடுங்கள். ஸ்ப்ரே வேலையை நான் காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி, மதிய மழை கறுக்கும் முன் முடித்துவிடுவேன். தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூட்டைவிட) மூன்று டிகிரியாவது கூட இருக்க வேண்டும் என்பது கணக்கு. மழை பெய்து குளிர்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் படிந்திருக்கும்.

இன்னொன்று, வீட்டு வாசலில் வேலை செய்கிற தம்பிகளுக்கு. பழைய காடி பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த தூளாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், அந்தச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். டூ கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் உண்டு, ஆஸ்துமாவைக் கொண்டுவரும். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பதும் சும்மா அடிப்பதும் ஒன்றுதான். அதை முறையான வசதி உள்ள கடையில் கொடுத்துவிடுங்கள், மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை.

அந்தத் தம்பி இப்போது ஞாயிறுதோறும் வந்து ஒரு பாகமாகப் பிரைமர் அடித்துக்கொண்டு போகிறார், நான்கு கதவும் பானெட்டும் முடிந்தது. பூட் தரை மட்டும் என்னிடம் இருக்கிறது. நேற்று மூன்றாவது முறையாகக் கழுவி உலர்த்தினேன், ஸ்பேர் டயர் உட்காரும் மூலையில் இரண்டு குழி கறுத்தது. நாளைக்கு இன்னொரு முறை கழுவணும்.