எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போனாங்க?

இரவு 10.40 இருக்கும், ஒரு அம்மா போன் செய்தார். மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். டீக்கடையில் நின்றவனை மஃப்டியில் வந்த 2 பேர், "சும்மா விசாரணைதான், அரை மணி நேரத்துல அனுப்பிடுவோம்" என்று சொல்லி பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டு போய்விட்டார்கள். என்ன கேஸ், ஜாமீன் கிடைக்குமா, எவ்வளவு செலவாகும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, நான் கேட்டது ஒன்றைத்தான். எத்தனை மணிக்கு?

"சீரியல் போடுற நேரம் சார்."

அது போதாது. கூட்டிப்போன உடனே யாருக்காவது போன் செய்தீர்களா என்றேன். தம்பிக்குச் செய்ததாகச் சொன்னார். கால் லிஸ்டைப் பார்க்கச் சொன்னேன். 7.12. அதை அழிக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்க என்றேன்.

வக்கீலாக 20 வருடமாக இந்த மாதிரி வழக்குகளைப் பார்க்கிறேன். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டும் கழிவு, இதை அரசியலமைப்பின் 22வது பிரிவே சொல்கிறது. எல்லா போலீஸ்காரருக்கும் இது தெரியும். அதனால்தான் சிக்கலே. கூட்டிப்போன நேரம் ஒன்றாகவும் காகிதத்தில் ஏறும் நேரம் வேறாகவும் இருக்கும். நடுவில் இருக்கும் மணி நேரங்கள் யார் கணக்கிலும் வராது, அடி விழுவது பெரும்பாலும் அந்தக் கணக்கில் வராத நேரத்தில்தான்.

தந்தி இருந்த காலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். ஆளைத் தூக்கிவிட்டார்கள் என்று தெரிந்தவுடன் எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தந்தி கொடுத்துவிடுவோம், ரசீதில் நேரம் விழுந்துவிடும். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றபோது மற்றவர்கள் பழைய நினைவுகளைப் பேசினார்கள், எனக்கு ஒரு சாட்சி போன மாதிரி இருந்தது. இப்போது அந்த வேலையை மின்னஞ்சல் செய்கிறது. வக்கீல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, குடும்பமே செய்யலாம்: சொந்த போனிலிருந்து 112க்கு ஒரு அழைப்பு, எஸ்.பி. அலுவலகத்துக்கு 4 வரி. யாரை, எங்கிருந்து, எத்தனை மணிக்கு, எப்படிப்பட்ட ஆட்கள். தமிழில் எழுதினால் போதும். அன்று அந்தப் பையனுக்காக நான் அனுப்பியது 11.05க்கு.

மறுநாள் இரவு 9 மணிக்கு மாஜிஸ்திரேட் வீட்டில் ரிமாண்ட், அதாவது சிறைக் காவலில் வைக்க உத்தரவு கேட்டு நிறுத்தினார்கள். எஃப்.ஐ.ஆரை வாங்கிப் பார்த்தால், அன்று பிற்பகல் 3 மணிக்கு பேருந்து நிலையம் அருகே ரோந்து சென்றபோது சந்தேகத்துக்கிடமாக நின்றவரைக் கைது செய்ததாக இருக்கிறது. வலது கையில் மாவுக்கட்டு. கேட்டால், கழிவறையில் வழுக்கி விழுந்தாராம். (தமிழ்நாட்டுக் காவல் நிலையக் கழிவறைகளின் தரை பற்றி யாராவது பொறியாளர்கள் ஆராய்ச்சி செய்ய வேண்டும்.)

மாஜிஸ்திரேட் கேட்டார், "யாராவது அடிச்சாங்களா?" பையன் தலையை ஆட்டினான், இல்லை என்று. பின்னால் ஒரு அடி தூரத்தில் ஏட்டு நிற்கிறார், வேறு என்ன சொல்வான்? போலீசாரை வெளியே அனுப்பிவிட்டு ஒரு தடவை கேளுங்கள் ஐயா என்றேன். அனுப்பினார். சட்டையைத் தூக்கிக் காட்டினான். முதுகில் கோடு கோடாக. என் மின்னஞ்சலின் பிரிண்டையும் கொடுத்தேன்: கைது நடந்ததாகச் சொல்லப்படும் நேரத்துக்குக் கிட்டத்தட்ட 16 மணி நேரம் முன்பே, பையன் காவலில் இருக்கிறான் என்று எஸ்.பி.க்கு எழுதப்பட்ட கடிதம். காயங்களை ரிமாண்ட் உத்தரவிலேயே குறித்து, அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னார். ரிமாண்ட் செய்யாமல் விட்டிருக்கலாம், செய்தார். 12 நாள் கழித்துத்தான் ஜாமீன்.

கைதுக் குறிப்பில் நேரம் இருக்க வேண்டும், குடும்பத்தினரோ ஊர்ப் பெரியவரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸிலும் அது இருக்கிறது. ஆனால் ஸ்டேஷன் வாசலில் 6 மணி நேரம் நிற்கும் அப்பாவிடம் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் காகிதத்தை நீட்டினால் அவர் படித்தா பார்க்கிறார்? நேரம் எழுதும் இடம் காலியாக இருந்தால், உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியையும் அப்போதைய மணியையும் நீங்களே எழுதிவிடுங்கள். சண்டை வேண்டாம், எழுதினால் போதும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலும் கைதானவருக்குச் சேர வேண்டியது, கேட்டு வாங்குங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100, இலவச சட்ட உதவி.

அப்புறம் சிசிடிவி. காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குச் சில மாதம் முன்புதான் சாத்தான்குளம். தந்தையும் மகனுமான ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த பிறகு விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட், அந்த நிலையத்தில் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தார். ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லாமல் அல்ல, இடம் இருந்தது. அதனால் பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் மனுவை ஜாமீன் மனுவோடு சேர்த்தே போட்டுவிடுகிறேன்.

லோடு ஆட்டோ பையன் விஷயத்திலும் போட்டேன். பதில் வந்தது, அந்த 2 நாளும் கேமரா பழுதாம். சரி, பழுது என்று எந்தத் தேதியில், யாருக்கு எழுதினீர்கள், சரி செய்ய வந்தவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று கேட்டு அடுத்த மனு கொடுத்திருக்கிறேன்.